லம்பேட்டின் பெயர் ஒட்டிய டப்பா

ஜூன் 6, வியாழன்

நாற்பத்து நான்கு டப்பா கொடுத்தேன், நாற்பத்து நான்கும் திரும்பி வந்தன. ஒன்றுகூட வெறுமை இல்லை. காலை ஏழரைக்கெல்லாம் வாசலில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுப்புராஜ் சார் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு தரம் எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

"நானும் பதினஞ்சு வருஷமா ஊர் ஊராப் போய் சளி வாங்குறேன் எமல்டாம்மா. பாதி டப்பா திரும்பி வந்தாலே பெரிய விஷயம். ஒரு ஆள்கூட விடாம எப்படிம்மா?"

"முகாம்காரர் எண்டா என்னெண்டு நினைச்சியள் சார்? பட்டியலில பேர் இருந்தா ஆள் வந்து நிக்கும்" என்றேன்.

பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மார்ச் மாதம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டு மனுஷன் கசத்தில், அதுதான் காசநோயில், செத்துப்போனார். கண்டுபிடித்தபோதே காலம் கடந்துவிட்டது. அதனால் இந்த வரிசையின் இருபத்திரண்டு வீட்டிலும் பெரியவர்கள் எல்லோருடைய சளியையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்த இலங்கை அகதிகள் முகாமில் கச நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை இரண்டு வருடமாக என்னுடையது. மற்ற நேரம் தையல் மெஷின். பட்டியலை முகாம் பதிவேட்டைப் பார்த்து நானே எழுதினேன். டப்பாவில் பெயரையும் நானே ஒட்டினேன்.

எதிர்வீட்டு றெஜினா இரண்டு டப்பா கொண்டுவந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று புருஷன் லம்பேட்டினுடையது. லம்பேட் மூன்று வாரமாகத் திருப்பூரில் பெயின்ட் வேலையில் இருக்கிறான்.

"லம்பேட் வந்திட்டானோ?" என்று கேட்டேன்.

"நேற்று வந்தவர். விடியவே தந்திட்டுப் போட்டார் அக்கா."

சரி என்று வாங்கி அடுக்கினேன். பிறகு உளுந்து ஊறப்போட்டேன். மூன்று பாவாடைக்கு நாடா கோர்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

நாற்பத்து நான்கில் ஒன்றில் கிருமி இருக்கிறது. லம்பேட்.

சுப்புராஜ் சார் பேரைப் படித்ததும் எனக்குக் கை ஓயவில்லை, மடித்த துணியையே மறுபடி மடித்தேன். முப்பத்து நான்கு வயது. ஏணியில் ஏறினால் இறங்க மனமில்லாத பயல். நான் எழுதுகிற இந்த டயரியே அவன் தந்தது. பெயின்ட் கடையில் கொடுத்ததாம். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு நிறத்தின் பெயர் இருக்கிறது, இன்றைக்கு 'மாந்தளிர்'.

றெஜினாவிடம் போய்ச் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "அவருக்கோ?" என்றாள். பிறகு, "எனக்கு?" என்றாள்.

"உனக்கு ஒண்டுமில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்து" என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. புருஷனுக்கு வந்திருக்கும்போது எப்படிப் படுவாள்.

ஜூன் 17, திங்கள்

லம்பேட் வந்துவிட்டான். சண்டைக்குத் தயாராக இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லாத கச நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா" என்றான்.

"அல்போன்சும் இதைத்தான் சொன்னவர்."

அல்போன்ஸ் என் புருஷன். இரண்டு மாதம் மாத்திரை தின்றார், இருமல் நின்றது, சுகம் வந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்தினார். நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு நானாகப் போய்க் கேட்டேன். என் கண்முன்னால் இனி யாரும் மாத்திரையை நிறுத்தப்போவதில்லை. தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன்.

லம்பேட் வாசலில் நின்ற றெஜினாவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரி, தாங்கோ அக்கா" என்று கையை நீட்டினான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவன் பெயர் எழுதிய மருந்துப் பெட்டியைத் திறந்தேன். திங்கள், புதன், வெள்ளி. வேளைக்கு ஏழு மாத்திரை. முதல் இரண்டு மாதம் ஏழும் என் முன்னால், என் தண்ணீரில். விழுங்கி முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ரொட்டியும் பால் விடாத பிளேன்ரீயும் கொடுத்தேன்.

மகள் ஸ்டெபானிக்கு நான்கு வயது. வீட்டில் நோயாளி இருப்பதால் அவளுக்கும் தற்காப்பு மாத்திரை. வெல்லத்தில் பொடித்துக் கொடுத்தால், "இன்னும்" என்று கேட்கிறாள். அப்பனைவிட மகள் மேல்.

ஜூன் 19, புதன்

காலையிலேயே லம்பேட் அலறிக்கொண்டு வந்தான். "அக்கா, ஒண்டுக்குப் போனா பெயின்ட் மாதிரிப் போகுது. தோடம்பழ நிறத்தில."

அந்த மாத்திரைக்கு அப்படி ஆரஞ்சாகத்தான் போகும், பயப்படாதே என்றேன். "ரெண்டாம் கோட்டிங் அடிக்கலாம் போலக் கிடக்கு" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

லம்பேட் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறான். வீட்டில் வாங்குகிற முட்டை முழுவதும் அவனுக்குத்தான் போகிறது. றெஜினா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

அவளுடைய மூன்று சட்டைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், பக்கத்துக்கு முக்கால் அங்குலம். "அவருக்குச் சமைச்சு எனக்குப் பசிக்குதில்லை அக்கா" என்றாள். கவலைதான் மனுஷியைத் தின்கிறது.

ஜூலை 10, புதன்

இன்று செக்கிங். வருவாய் அலுவலகத்து ஆள் பதிவேட்டை விரித்துப் பெயர் படித்தார், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்றோம். லம்பேட் இந்த வருடம் இரண்டு செக்கிங்கில் இல்லை. மூன்றாம் தரமும் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று முகாமில் பேச்சு. இன்று முதல் ஆளாகப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கசம் வந்ததால் ஒரு நன்மை, பயல் ஊரில் இருக்கிறான்.

இந்த முகாமில் ஒரு பழக்கம் உண்டு. பெயர் படிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் யாராவது ஒருவர், "இப்பத்தான் கடைக்குப் போனவர்", "ஒண்டுக்குப் போட்டார், வந்திடுவார்" என்பார்கள். இருபத்து மூன்று வருடமாக எந்த அதிகாரி வந்து எந்தப் பட்டியலைப் படித்தாலும் ஒரு பெயரையும் வெறுமையாக விட்டதில்லை. நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 17, புதன்

லம்பேட் புதிதாகத் தோளில் துவாய் போட்டுக்கொண்டு வருகிறான். மாத்திரையை இரண்டிரண்டாகப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்கிறான். சுத்தம் வந்துவிட்டது. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டபின் விழுங்கலாமா என்று போன வாரம் கேட்டான். "என்ர காதில பூச் சுத்தாதை" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பூசையில் றெஜினா பாடவில்லை. அவள் குரல் இல்லாமல் பாட்டு ஏறவேயில்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம். கற்கண்டும் மிளகும் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 26, வெள்ளி

சுப்புராஜ் சார் வந்தார். றெஜினாவிடம், "உங்களுக்கு இருமல் கிருமல் இருக்காம்மா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றாள். "சளியிலதான் இல்லைன்னு வந்திருச்சே" என்று அவரே சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

அவளுடைய சட்டைகளை மறுபடி பிடித்தேன். பிடிக்கத் துணி போதவில்லை. கையையே புதிதாக வெட்டித் தைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 31, புதன்

லம்பேட் மொத்தம் நான்கு கிலோ கூடிவிட்டான். கன்னம் விழுந்த ஆளா இவன் என்று கேட்கத் தோன்றும். கன்னம் எப்போது விழுந்தது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

"இப்பவும் தோடம்பழ நிறமோ?" என்று கேலி செய்தேன்.

"இல்லை அக்கா, அது சாடையாத்தான் இருக்கு இப்ப."

உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப் பழகாது என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமும் அந்த நிறம்தான் போகும். மூன்று பேருக்கு மருந்து கொடுத்து முடித்தவள் நான்.

ஆகஸ்ட் 3, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதவேண்டும்.

எங்கள் வரிசைப் பெண்களுக்குப் பொதுக் கக்கூசு நான்கு. மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றுக்குத்தான் இருக்கிறது. காலையில் வாளியோடு நின்றேன். உள்ளே இருந்து றெஜினா வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாளியில் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது. உள்ளே போனேன். வெள்ளைப் பீங்கானில் தோடம்பழ நிறம்.

அவளுக்கு முன்னால் அங்கே யாரும் போகவில்லை. நான் வெகுநேரமாக அங்கேதான் நின்றேன்.

மதியம் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

லம்பேட் வந்தான், துவாயோடு. ஏழு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு போட்டான், தண்ணீர் குடித்தான், வாயைத் துடைத்தான். மறுபடி இரண்டு. மூன்றாம் தரம் துடைக்கும்போது துவாயைப் பிடித்து இழுத்தேன். ஐந்து மாத்திரை தரையில் விழுந்தன. எச்சிலில் சிவப்புச் சாயம் கரைந்திருந்தது.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை" என்றான். ஓடவில்லை, மறுக்கவில்லை. குந்தியிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "எறிஞ்சு போடாதைங்கோ அக்கா. அவளுக்கு வேணும்."

"அவளுக்கு ஏன்?"

"சத்தம் போடாதைங்கோ. அவள் ரத்தமாத் துப்புறாள் அக்கா. முந்தநாளும் துப்பினவள்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவனும் எதிரில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

"அந்த டப்பாவில துப்பினது நானில்லை. அவள்தான் ரெண்டிலயும் துப்பினவள். அவளின்ரையில ஒண்டுமில்லையெண்டு வந்திட்டுது, ஏதோ மாறிப்போச்செண்டு நினைச்சம். நான் அந்த நாளில இஞ்ச இல்லையெண்டு சொன்னா எழுத்தில ஏறிடும். ரெண்டு செக்கிங் ஏற்கெனவே போச்சு. பேரை வெட்டினா பேந்து நான் எங்க போறது? அதுதான் நானே விழுங்கினன். அவளுக்கு இருமல் கூடினபிறகுதான் விளங்கினது. துப்பல் அவளின்ர. அப்ப மருந்தும் அவளின்ரதானே அக்கா?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே, தம்பி. நான் என்ன பேயோ?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் கேட்டான். "நான் திருப்பூரில நிண்டது உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா?"

தெரியும்.

ஜூன் ஆறாம் தேதி எழுதாததை இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் தேதி மாலை நான் டப்பா கொடுத்தபோது றெஜினா, "இவர் இல்லையே அக்கா, இதை என்ன செய்யிறது?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "அது எனக்குத் தெரியாது பிள்ளை. டப்பா வெறுமையாப் போகப்படாது, சொல்லிப்போட்டன்." மறுநாள் லம்பேட் வந்துவிட்டுப் போனதாக அவள் சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். எதிர்வீடு. அவன் வந்தால் முதலில் என்னிடம்தான் வந்து, "அக்கா, ரொட்டி இருக்கோ?" என்பான். நாற்பத்து நான்கும் நிறைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இரண்டு மாதமாக நல்ல மனுஷனுக்கு மருந்து கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கிலோ கணக்கு எழுதி, பெருமைப்பட்டுக்கொண்டேன். நோயாளி எதிரில் நின்று சட்டையைப் பிடித்துத் தரச் சொன்னாள். அதையும் பிடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று பேரும் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்டெபானியைத் தங்கேஸ் டீச்சரிடம் விட்டோம். டீச்சர் எங்கள் முகாம் பாலர் பள்ளியை நடத்துகிறவர், முகாமிலேயே இருக்கிறவர்.

டாக்டரம்மா றெஜினாவின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். படம் எடுக்க அனுப்பினார். சளி வாங்கினார், இந்த முறை அவரே பக்கத்தில் நின்று வாங்கினார். படம் வந்தது. வலது பக்கம் மேலே வெள்ளையாக இருந்தது. விளக்கம் கேட்கத் தேவைப்படவில்லை. அல்போன்சின் படம் அப்படித்தான் இருந்தது.

"எத்தனை நாளா இருமல்?"

"மே மாசம் துடங்கினது."

"உங்க வீட்டுக்காரர் டப்பாவுல நீங்கதான் துப்பினீங்களா? யாரு அப்படிச் செய்யச் சொன்னது?"

நான் அந்த அறையில் வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன். றெஜினா என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர். நானாத்தான் செய்தனான்."

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்துப் பக்கத்தைத் திருப்பினார். அப்போதுதான் எழுந்து, "நான்தான் சொன்னனான்" என்றேன். ஒரு பக்கம் எழுதும் வரை சும்மா இருந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "எமல்டாம்மா, ஒரு நாள் மூணு மாத்திரை, ஒரு நாள் அஞ்சு மாத்திரைன்னு அரையும் குறையுமா சாப்பிட்டா கிருமி அந்த மருந்துக்குப் பழகிரும். அப்புறம் இந்த மருந்து கேக்காது. ரெண்டு வருஷம், மாசக்கணக்கா ஊசி. அதுலயும் பிழைப்பாங்கன்னு உறுதி கிடையாது. இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் டொக்டர்."

"கிருமி பழகியிருக்கான்னு பாக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு சளி அனுப்புறேன். பத்து நாள் ஆகும்." லம்பேட்டின் மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தினார். பிறகு என்னிடம், "இனிமே நீங்க மருந்து குடுக்க வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றெஜினா ஜன்னலோரம் இருந்தாள். முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் தள்ளி உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

லம்பேட்டின் பெயர் எழுதிய பெட்டியைச் சுப்புராஜ் சார் வந்து எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பத்து நாளில் ஐந்து போய்விட்டன. றெஜினாவை வெளியே காற்றோட்டத்தில் இருக்கச் சொன்னார்கள். லம்பேட் வேப்பமரத்தடியில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு, ஒரு பந்தல் கட்டிக் கொடுத்துவிட்டான். சும்மா இருக்கமாட்டாமல் கம்புகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்தான். ஸ்டெபானி எட்ட நின்று, "அம்மா, கோயில் மாதிரி இருக்கு" என்கிறாள். சமையல் இப்போது லம்பேட். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, அவளும் ஒன்றும் சொல்வதில்லை. நான் இரண்டு வேளை குழம்பு கொடுத்து அனுப்பினேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. அவள் வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ஆஸ்பத்திரியில் எல்லாம் எழுத்தில் ஏறிவிட்டது, அதனால் லம்பேட் வருவாய் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனான். எழுதியது நான்தான். "மே 15 முதல் ஜூன் 14 வரை முன் அனுமதியில்லாமல் திருப்பூரில் வேலை செய்தேன்" என்ற வரிக்குக் கீழே அவன் கையெழுத்துப் போட்டான். துணைக்குப் போனேன்.

அதிகாரி படித்தார். அரை மணி நேரம் திட்டினார். "சொல்லிட்டுப் போறதுக்கு என்னய்யா? ஒரு வரி எழுதிக் குடுத்தா நான் என்ன புடிச்சா வச்சிக்கப் போறேன்?" மனுவைக் கோப்பில் போட்டார். "போ. இனிமே எழுதிக் குடுத்துட்டுப் போ."

பெயரை வெட்டவில்லை. வெட்டுவதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

பஸ் ஸ்டாப்பில் லம்பேட் சுவரோரமாகக் குந்திவிட்டான். "இதுக்கோ அக்கா?" என்றான். "இவ்வளவுக்கோ?" என்று மறுபடி கேட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதான். நான்கு கிலோ கூட்டினோமே. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பஸ் போய்விட்டன.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சுப்புராஜ் சார் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினார். "கேக்கும்! மருந்து கேக்கும்!"

கிருமி பழகவில்லை. சாதாரண ஆறு மாத மருந்தே போதும். திங்கள் முதல் தொடங்க வேண்டும். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். லம்பேட் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றான். றெஜினா இருவரையும் பார்த்து, "ஏன் ரெண்டு பேரும் ஓடி வாறியள், கால் தடக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

றெஜினாவின் பெயர் எழுதிய பெட்டி தங்கேஸ் டீச்சரிடம். காலையில் பாலர் பள்ளியில் வைத்து மருந்து. ஏழு மணிக்கு எனக்கு வேலை இல்லை. பழக்கத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றிவிட்டேன். அதை நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஏழு மணிக்கு வாசலில் நிழல். தங்கேஸ் டீச்சர் மருந்துப் பெட்டியோடு நிற்கிறார். பின்னால் றெஜினா.

"எமல்டாக்கா, இந்தப் பிள்ளைக்கு என்ர தண்ணி இறங்குதில்லையாம். திங்கக்கிழமை ஏழு மாத்திரைக்கு முக்கால் மணி நேரம். எனக்குப் பள்ளி இருக்கு" என்றார் டீச்சர்.

"நான் குடுக்கப்படாது டீச்சர். டொக்டர் சொன்னவ."

"மருந்து குடுக்கிறது நான். டொக்டர் தண்ணியைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், சொல்லவேயில்லை. செம்பை எடுத்து வந்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், நான் தண்ணீர் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் ஏழும் இறங்கிவிட்டன. றெஜினா செம்பைத் தரும்போது என் விரலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று பன்னிரண்டாவது வேளை. ரத்தம் நின்று இரண்டு வாரமாகிறது. இருமல் விடியலில் மட்டும். எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. லம்பேட் டவுனில் வேலை பிடித்திருக்கிறான், ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறான்.

மாத்திரையைப் பிரிக்கும்போது ஸ்டெபானி எங்கோ விழுந்து அழுதாள், டீச்சர் பார்க்கப் போனார். நானும் றெஜினாவும் தனியாக இருந்தோம். ஐந்து வாரமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"டொக்டர் கேட்கேக்கை ஏன் பிள்ளை நீ என்ர பேரைச் சொல்லேல்லை?"

"நீங்கள் டப்பாவைத்தானே நிரப்பச் சொன்னியள். கசத்தையோ தரச் சொன்னியள்" என்றாள். குரல் இன்னும் கரகரப்புத்தான். கேட்க எனக்கு இனிமையாக இருந்தது.

"இன்னொண்டு. ரெண்டு டப்பாவிலயும் நீதான் துப்பினாய். அவன்ரையில கிருமி, உன்ரையில ஒண்டுமில்லை. அது எப்பிடி?"

"முதல் இருமி வந்ததை அவற்ரையில போட்டன் அக்கா. அவர்தானே இல்லாத ஆள், அவற்ர சரியா இருக்கவேணுமெண்டு. பேந்து எனக்கு ஒண்டும் வரேல்லை. மிஞ்சின துப்பலை என்ரையில விட்டன்."

சோறு போடுகிற வரிசையைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். முதலில் அவருக்கு, பிறகு பிள்ளைக்கு, சட்டியில் மிஞ்சியது எனக்கு. நானும் பதினெட்டு வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகப் பட்டதில்லை. முதலில் வந்ததை அவள் தன் டப்பாவில் போட்டிருந்தால் ஜூன் மாதமே மருந்து தொடங்கியிருக்கும். ஒரு துளி ரத்தமும் துப்பியிருக்கமாட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு அழுகை வந்துவிட்டது, செம்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அவள் பயந்துபோய் என் முழங்காலைப் பிடித்தாள். "என்னக்கா, நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?"

"இனி முதல் வாறது உனக்கு" என்றேன். "மருந்தெண்டாலும் சரி, சோறெண்டாலும் சரி. விளங்குதோ?"

"ஓம்" என்றாள். விளங்கியதா என்று தெரியாது. நாளைக்கும் சொல்லுவேன்.

டீச்சர் திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "அழுது முடிஞ்சுதெண்டா தண்ணியைத் தாங்கோ எமல்டாக்கா, எனக்குப் பள்ளிக்கு நேரமாச்சு" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன். ஏழையும் விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். டீச்சர் பார்த்தார், நானும் பார்த்தேன்.